கடைசிக் குழாயிலிருந்து தொடங்குங்கள், டீச்சர்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கன்னியாகுமரி மாவட்டத்தில், பழையாற்றுக்கு அரை கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஒரு பேரூராட்சியில் குடியிருக்கிறோம். 2014-ல், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஆறு சென்ட் வாங்கி வீடு கட்டினோம். அதற்கு முன்பு அது வயல். 2021 நவம்பர் மழையில் மூன்று நாள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மறுபடியும் வந்தது. பேரூராட்சியில் கேட்டால், ஓடை நீர்வளத் துறைக்குச் சொந்தம் என்கிறார்கள். அங்கே போனால், அது தெரு வடிகால், பேரூராட்சியைப் பாருங்கள் என்கிறார்கள். தெருவில் உள்ள நாற்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து கான்கிரீட் வடிகால் கேட்டு மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். சிலர் ரோட்டை உயர்த்தச் சொல்கிறார்கள். குவைத்தில் இருக்கும் மகன், வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம் என்கிறான். எது சரி? வெள்ளத்தைத் தடுக்க உள்ளாட்சி உண்மையில் என்ன செய்ய முடியும்? ஓடை முடிகிற இடத்துச் சிறுபாலத்தின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: டீச்சர் அவர்களுக்கு வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள். கையெழுத்து வாங்குவதை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள்.

நாற்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனு என்றால் எந்தக் கவுன்சிலரும் எதிர்க்கமாட்டார். மன்றக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறும், நிதி வரும், வடிகாலும் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் தொல்லை. நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தால், உங்கள் தெருத் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடமே அடைபட்டுக் கிடக்கிறது. அதில் கை வைக்காமல் தெருவில் கான்கிரீட் போட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடிப் போய், அதே இடத்தில் முட்டிக்கொண்டு திரும்பி நிற்கும். மூன்று மணி நேரத்தில் நிறைகிற பள்ளம் ஒரு மணி நேரத்தில் நிறையும், அவ்வளவுதான்.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு பேரூராட்சியில் 140 மீட்டர் வடிகால் ஒன்றுக்கு மதிப்பீடு தயாரித்தேன். அழகான வடிகால். சரிவு சரியாக இருந்தது, பூச்சு வழவழப்பாக இருந்தது, திறப்பு விழாவில் எனக்குச் சால்வைகூடப் போட்டார்கள். வடிகால் எங்கே முடிகிறது என்று மட்டும் நான் போய்ப் பார்க்கவில்லை. தாளில் ‘ஓடையில் சேரும்’ என்று இருந்தது. அந்த ஓடையை யாரோ எப்போதோ வாழைத்தோப்போடு சேர்த்துவிட்டிருந்தார்கள். அடுத்த துலாமாத (ஐப்பசி) மழையில் மேல்தெருத் தண்ணீர் முழுவதும் கீழே இருந்த ஏழு வீடுகளுக்குள் புகுந்தது. மறுநாள் போனபோது, வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்துச் சொன்னார்: “இத்தனை நாளும் வழி தெரியாமல் இருந்த தண்ணீருக்கு நீங்கள் வழி காட்டிவிட்டீர்கள்.” அதன் பிறகு எந்த வேலையையும் கடைசி முனையிலிருந்து மேல்நோக்கி நடந்து பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மழை இல்லாத ஒரு நாள் காலையில், இரண்டு மூன்று பேரோடு, ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்குப் போங்கள். அங்கிருந்து உங்கள் வீடு வரை நடந்து வாருங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் ஒரு எண் கொடுத்து, குழாயின் அகலம், எவ்வளவு மண் நிறைந்திருக்கிறது, குறுக்கே என்ன போகிறது என்று நோட்டில் எழுதுங்கள். ஊரில் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. அவர் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூபே போதும், எந்தக் குழாயின் அடிமட்டம் ஓடையின் அடியைவிட உயரமாக இருக்கிறது என்று காட்டிவிடும். ஓடையைவிட மேடாகக் குழாய் வைத்துக் கட்டிய சிறுபாலங்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. தண்ணீர் ஏறித்தான் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. (எங்கள் அலுவலகத்தில் ஒருவர், சிறுபாலத்துக்கு ஆங்கிலப் பெயரான ‘கல்வெர்ட்’ என்பதை எல்லாக் கோப்பிலும் ‘கல்வெட்டு’ என்றே எழுதுவார். அந்தக் குழாய்களில் பலவற்றின் நிலைமைக்கு அது பொருத்தமான பெயர்தான்.)

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்துக்கு வருகிறேன். அதில் ஒரே ஒரு சிமென்ட் குழாய் தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் பையனின் காலை வைத்துப் பார்த்தால் இரண்டு அடி அகலம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் மண். பாதி அடைபட்டால் பாதித் தண்ணீர் போகும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. குழாய்க்குள் இடம் குறைவதோடு, மீதித் தண்ணீர் மண்மேல் உரசி வேகத்தையும் இழக்கிறது. கணக்குப் போட்டால், பாதி மண் நிறைந்த குழாய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைத்தான் கடத்தும். மறுபக்கம், இரண்டு அடிக் குழாயை எடுத்துவிட்டு அதே சரிவில் மூன்று அடிக் குழாய் வைத்தால் அது ஒன்றரை மடங்கு கடத்தாது, ஏறத்தாழ மூன்று மடங்கு கடத்தும். அதாவது இன்று இருக்கிற குழாய்க்கும், மண் இல்லாத மூன்று அடிக் குழாய்க்கும் இடையே எட்டு ஒன்பது மடங்கு வித்தியாசம். நீங்கள் கேட்கும் தெரு வடிகாலுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியில் இது முடியும்.

அந்தப் படத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. குழாயின் வாய்க்கு முன்னால், ஓடைக்குக் குறுக்கே குடிநீர்க் குழாய் ஒன்று போகிறது, பார்த்தீர்களா? அதில் ஒரு தென்னை மட்டை மாட்டியிருக்கிறது. மட்டையில் பிளாஸ்டிக் பை, பையில் வாழைச்சருகு. வெள்ள நாளில் இதுதான் அணை. பெரிய பெரிய வெள்ளச் சேதங்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், பல இடங்களில் இப்படி ஒரு மட்டைதான் ஆரம்பமாக இருக்கும். குடிநீர்க் குழாயைப் பாலத்தின் பக்கச்சுவரோடு மேலே தூக்கி மாட்டுவது ஒரு பிளம்பருக்கு ஒரு நாள் வேலை. குழாய் பேரூராட்சியுடையதாக இருந்தால் செயல் அலுவலர் மன்றத் தீர்மானத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது. உங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீர் மேலேயிருந்து வந்ததா, ஆற்றிலிருந்து திரும்பி வந்ததா? கடிதத்தில் அது இல்லை. அடுத்த பெருமழையில் ஓடை நிறையும்போது, காய்ந்த இலை ஒன்றை மேலிருந்து போட்டுப் பாருங்கள். ஆற்றை நோக்கிப் போனால் உங்கள் பிரச்சினை குழாய். உங்கள் தெருவை நோக்கி வந்தால் பிரச்சினை பழையாறு. அப்போது குழாயைப் பெரிதாக்கினால் ஆறு இன்னும் சௌகரியமாக உள்ளே வரும். ஓடை வாயில் ஆற்றுத் தண்ணீரைத் தடுக்கும் ஒருவழிக் கதவும், அது மூடியிருக்கும் நேரத்தில் தெருத் தண்ணீரை இறைத்துவிட டீசல் பம்பும்தான் அதற்கு வைத்தியம். 2021-ல் மூன்று நாள் தண்ணீர் நின்றது என்கிறீர்கள். மழை விட்ட பிறகும் நின்றது என்றால், ஆற்றின் கையும் இதில் இருக்கலாம் என்பது என் ஊகம்.

பழையாறு பேரூராட்சியின் கையில் இல்லை. சுருளக்கோட்டுப் பக்கம் தொடங்கி மணக்குடியில் கடலில் சேரும் வரை அது நீர்வளத் துறையின் பொறுப்பு. வழியில் சோழன்திட்டை போலச் சின்னச் சின்ன அணைக்கட்டுகள் இருக்கின்றன. மழைக்கு முன்பே ஷட்டரைத் திறந்துவிடாவிட்டால் அவை தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். ஆகாயத்தாமரை ஒரு பக்கம் பாய் விரித்தது போல அடைத்துக்கொண்டிருக்கும். கடைசியில் மணக்குடியில் பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், மணல் மூடிக் கிடந்தாலோ, கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தாலோ ஆற்றுக்குப் போக வழியே இல்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது பாடம் நடத்தத் தேவையில்லாத விஷயம். பொழிக்கரை என்று ஊருக்கே பெயர் வைத்தவர்கள் அவர்கள். மழைக்காலம் தொடங்கும் முன் பொழியை வெட்டிவிட வேண்டும், அணைக்கட்டு ஷட்டர் சாவி யாரிடம், இரவு இரண்டு மணிக்கு அவரை எந்த எண்ணில் கூப்பிடுவது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். இவற்றைச் செய்வது பேரூராட்சியின் வேலை இல்லை. செய்யச் சொல்லித் தீர்மானம் போட்டு, ஆட்சியர் நடத்தும் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் விடாமல் கேட்பது பேரூராட்சியின் வேலைதான்.

குழித்துறை, திற்பரப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். திற்பரப்பு வழியாக வரும் கோதையாறு மூவாற்றுமுகத்தில் பரளியாற்றோடு சேர்ந்து குழித்துறைக்கு வருகிறது. 48 அடிப் பேச்சிப்பாறை அணையும் 77 அடிப் பெருஞ்சாணி அணையும் எந்த மட்டத்தில் நிற்கின்றன, எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் கரையோர மக்கள் பெட்டி கட்ட வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்பதல்ல, அது இரண்டாம் இடத்தில்.

இப்போது ‘யாருடையது’ என்கிற கேள்வி. இரண்டு அலுவலகங்களுக்கு இடையே பந்து போல உதைபட்டிருக்கிறீர்கள். இருவரும் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையிலேயே தெரியாமலும் இருக்கலாம். தமிழ்நாட்டில் பொதுவாக, 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்திடமும் அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் இருக்கும். நம் மாவட்டத்தில் அந்தக் கணக்கை நம்பி நடக்க முடியாது. திருவிதாங்கூர் காலத்து ஏற்பாடுகள் 1956-ல் நம்மோடு சேர்ந்தே வந்தன. சின்னச் சின்னக் குளங்களும் சானல்களும்கூட நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. நடுவில் கோயில் நிலம் வரும், நெடுஞ்சாலைத் துறைப் பாலம் வரும், ரயில்வே பாலம் வரும். ஒரே ஓடை அரை கிலோமீட்டருக்குள் நான்கு பேருக்குச் சொந்தமாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் 2007-ல் பெரிய வெள்ளம் வந்தபோது அங்கேயும் இதே கூத்துதான் நடந்தது. சாக்கடை ஒருவர், சாலை ஒருவர், ஓடை ஒருவர் என்று ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினார்கள். 2010-ல் ஒரு சட்டம் கொண்டு வந்து, உள்ளூர் வெள்ள அபாயத்துக்கு மாவட்ட அளவிலான உள்ளாட்சி மன்றமே முன்னின்று பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். அதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. வெள்ளத்தோடு தொடர்புள்ள முக்கியமான வடிகால், பாலம், மதகு ஒவ்வொன்றும் யாருடையது, என்ன நிலையில் இருக்கிறது என்று மன்றம் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். பெரிய வெள்ளம் வந்தால், எந்தெந்தத் துறைக்கு என்ன பொறுப்பு இருந்தது, அதைச் செய்தார்களா என்று விசாரித்து அறிக்கை வெளியிட வேண்டும். நம்மிடம் அப்படி ஒரு கட்டாயம் உள்ளாட்சிக்கு இல்லை. ஆனால் பதிவேடு வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நீங்கள் நோட்டில் எழுதப் போவது அதன் முதல் பக்கம்.

பதிவேட்டில் ‘உரிமையாளர்’ என்கிற கட்டத்தை நிரப்ப, கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் புல வரைபடமும், கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டின் நகலும் வாங்குங்கள். பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் வேறு வேறாக இருக்கும். உங்கள் வீட்டு ஆதாரத்தில் (கிரயப் பத்திரத்தில்) இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடை புறம்போக்கு எத்தனை மீட்டர் அகலம் என்று அந்த வரைபடம் சொல்லும். பத்தில் ஏழு இடங்களில், தாளில் மூன்று மீட்டர் இருக்கும் ஓடை தரையில் ஒரு மீட்டர்தான் இருக்கும் என்பது என் அனுபவம். கொடுக்கத் தாமதித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, ‘இந்தச் சர்வே எண்ணில் உள்ள ஓடையையும் சிறுபாலத்தையும் பராமரிக்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துடையது’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். பேரூராட்சிக்கு ஒன்று, நீர்வளத் துறைக்கு ஒன்று. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வாயால் பந்தை உதைப்பது சுலபம், எழுத்தில் உதைப்பது கஷ்டம்.

ஆக்கிரமிப்பு என்று தெரிந்தால், அகற்றும் அதிகாரம் தாசில்தாரிடமோ, நீர்வளத் துறைக் குளமாக இருந்தால் 2007-ம் ஆண்டு குளங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அந்தத் துறையிடமோ இருக்கிறது. இதில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அளந்து பார்த்தால் உங்கள் தெருவில் கையெழுத்துப் போட்டவர்களில் யாருடைய சுற்றுச்சுவராவது ஓடைக்குள் நிற்கலாம். அதற்கும் தயாராக இருங்கள்.

உள்ளாட்சி என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளத்தைக் குறைக்க அதன் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் ஜே.சி.பி. இல்லை. கட்டட அனுமதியும் மனைப்பிரிவும். நம் முன்னோர்கள் பள்ளத்தில் நெல்லும் மேட்டு விளையில் வீடுமாக வாழ்ந்தார்கள். விளை என்று முடியும் ஊர்ப் பெயர்கள் குமரி மாவட்டத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வயல் என்பது நெல் விளைகிற இடம் மட்டுமில்லை, ஊரின் வெள்ளத்தைச் சில நாள் வாங்கி வைத்துக்கொள்ளும் தொட்டியும்கூட. உங்கள் தெருவையே எடுத்துக்கொள்வோம். நாற்பது வீடு, வீட்டுக்கு ஆறு சென்ட். மொத்தம் 2.4 ஏக்கர். பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு வீட்டு மனையில் மட்டும் 24,000 லிட்டர் விழுகிறது, தெரு முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் லிட்டர். அதே 2.4 ஏக்கர் அரை அடி வரப்போடு வயலாக இருந்தால் பதினான்கு லட்சம் லிட்டருக்கு மேல் பிடித்து வைக்கும். விழுந்த மழையைத் தானே வைத்துக்கொண்டு, மேலேயிருந்து வருவதிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இப்போது அது கூரை, சிமென்ட் முற்றம், தரைக்கல் பதித்த சந்து. விழுந்தது முழுவதும் அந்த இரண்டு அடிக் குழாயைத் தேடி ஓடுகிறது.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2014-ல் உங்களுக்கு மனையைக் காட்டியவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார், அனுமதி கொடுத்தவர்களும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் உங்களுக்குக் கிழக்கே இன்னும் வயல் மிச்சம் இருக்கிறது என்று முதல் படத்தில் தெரிகிறது. அதையும் மண்ணடித்து மனையாக்கினால் உங்கள் வீட்டில் முழங்கால் அளவு இடுப்பளவு ஆகும். எனவே புதிய மனைப்பிரிவு விண்ணப்பம் எதுவும் அந்தப் பக்கம் வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். வந்திருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், 2021, 2023 தண்ணீர் மட்டத்தைக் காட்டும் படங்களோடு. ஊரில் வேறு எவருக்கும் தோன்றாத வேலை இது. ஆனால் ஒரு லோடு மண் இறங்கிய பிறகு எந்த மனுவுக்கும் பலன் இருக்காது.

மழைநீர் சேகரிப்புக் குழி தோண்டுங்கள் என்று யாராவது வந்து சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். 2003-லிருந்து அது கட்டாயம், நல்லதும்கூட. ஆனால் கார்த்திகையில், நிலத்தடி நீர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழைய வயலில் அந்தக் குழி வெள்ளத்தைக் குடித்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது தூர்வாருதல். சென்னைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை, செப்டம்பரில் தூர்வாரினால் போதும். நமக்கு அப்படி இல்லை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமும் நம்மைத் தொட்டுவிட்டுத்தான் போகின்றன. மே மாதம் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை தூர்வார வேண்டும். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, ஓடையில் இருந்து அள்ளிய மண்ணைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போவது. முதல் மழையில் அது திரும்பி ஓடைக்குள் போய்விடும், அடுத்த வருடம் அதே மண்ணை அள்ளுவதற்கு அதே ஒப்பந்தக்காரர் வருவார். ‘அள்ளிய மண்ணை அப்புறப்படுத்தியது உட்பட’ என்று பணி ஆணையில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் மண் கரையில் கிடந்தால், ஒப்பந்தக்காரரின் பில் பாஸ் ஆவதற்கு முன் செயல் அலுவலருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு பேரிடர் ஆணையம் உண்டு, ஆட்சியர் அதன் தலைவர். அந்தச் சட்டத்தின்படி உள்ளாட்சியும் தன் பங்குக்குத் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஆட்களைப் பழக்கி, பொருள்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். உங்கள் பேரூராட்சியின் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் போன வருடத் தாளில் தேதியை மாற்றியிருப்பார்கள். அதில் மூன்றே மூன்று சங்கதிகளைத் தேடுங்கள்: உங்கள் தெரு தாழ்வான பகுதிப் பட்டியலில் இருக்கிறதா, டீசல் பம்ப் எங்கே நிற்கிறது, ஓட்டத் தெரிந்தவர் யார். பம்ப் இருந்து பெல்ட் இல்லாத கதையையும், பெல்ட் இருந்து ஆள் இல்லாத கதையையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளத்தன்று கூப்பிட வேண்டிய எண் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால் 12 முதல் 20 சென்டிமீட்டர் மழை என்று அர்த்தம். உங்கள் குழாய் இப்போது இருக்கிற நிலையில், மஞ்சளுக்கே நீங்கள் அரிசி மூட்டையை மேலே ஏற்றிவிட வேண்டும்.

ரோட்டை உயர்த்துவது வேண்டவே வேண்டாம். ரோடு உயர்ந்தால் தெருவே ஒரு அணை, வீடுகள் குளம். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் போடச் சொல்லி வற்புறுத்துங்கள்.

மகன் சொல்லும் ஜாக்கி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டைத் தூக்குவது நடக்காத காரியம் இல்லை, தமிழ்நாட்டில் பலர் செய்கிறார்கள். செலவு கூடுதல், பழைய சுவரில் விரிசல் விடும் ஆபத்தும் உண்டு. குழாய் சரியாகி, ஒரு வருட மழையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். தூக்கினாலும் வீட்டை மட்டும் தூக்குங்கள், முற்றத்தில் மண்ணடித்து உயர்த்தாதீர்கள். உங்கள் மண் தள்ளிவிடும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். அதுவரைக்கும் அவன் அனுப்பும் பணத்தில் செய்யக்கூடிய சின்ன வேலைகள் இருக்கின்றன. கீழ்த்தளத்துப் பிளக் பாயிண்டுகளையெல்லாம் நான்கு அடி உயரத்துக்கு ஏற்றுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். வெள்ளம் வந்த வீடுகளில் அருவருப்பான தண்ணீர் கழிவறை வழியாகத்தான் வருகிறது. வீட்டுக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். 2021 ஏப்ரலில் இருந்து பாரத் கிரஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசி இருக்கிறது, அதில் வெள்ளச் சேதமும் அடக்கம். விண்ணப்பத்தில் முன்பு தண்ணீர் வந்ததை மறைக்க வேண்டாம்.

இப்போது மனு. நாற்பது கையெழுத்து வீணாகவில்லை, வாசகத்தை மட்டும் மாற்றுங்கள். ‘எங்கள் தெருவுக்கு வடிகால் வேண்டும்’ என்பதற்குப் பதிலாக, நீங்கள் நடந்து பார்த்து எழுதிய எண்களோடு இப்படிக் கேளுங்கள்: இன்ன சர்வே எண்ணில் உள்ள சிறுபாலத்தின் மண்ணை மே மாதத்துக்குள் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். அதன் வாயை மறிக்கும் குடிநீர்க் குழாயை மேலே மாற்ற வேண்டும். குழாயின் அடிமட்டத்தையும் ஆற்றின் வெள்ள மட்டத்தையும் அளந்து, பெரிய குழாய் போதுமா, ஒருவழிக் கதவும் வேண்டுமா என்று பொறியாளரின் குறிப்போடு மன்றத்தில் வைக்க வேண்டும். ஓடையைச் சர்வேயர் வைத்து அளந்து கல் நட வேண்டும். நகல்கள் கவுன்சிலருக்கும், நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கும், திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியருக்கும். முதல் இரண்டு வேலைகளுக்கும் பணம் பெரிதாகத் தேவையில்லை என்பதால், நிதி இல்லை என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது. அவை நடந்த பிறகு தெரு வடிகால் கேளுங்கள், அப்போது நானே கையெழுத்துப் போடுகிறேன்.

இதை முடிக்கும் முன் மூன்றாவது படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாய்க்கு இடப்பக்கம், மேல்வீட்டுச் சுற்றுச்சுவரின் உள்ளே, செம்பருத்திச் செடிக்கு அடியில் ஒரு கருங்கல் தலை தெரிகிறது. துணி துவைக்கப் போட்ட கல் மாதிரி இல்லை, ஓடையின் எல்லையைக் காட்டும் பழைய சர்வே கல்லாக இருக்கலாம். அந்த வீட்டுக்காரர் உங்களுக்குப் பழக்கமானவர் என்றால், சண்டை எதுவும் போடாமல், செடிக்கு மண் கொத்துகிற சாக்கில் அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணை விலக்கிப் பாருங்கள். கல்லின் மேல்முகத்தில் கோடு செதுக்கியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கல்லை யாரும் அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.